மூன்று கிலோ பன்றித் தொடை பற்றிய உண்மை விபரம்

சேசு மரி சூசை துணை

பிராண்டே, டென்மார்க்
மார்ச் 22

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் பீற்றர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் அந்தோனிதாசன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே இரண்டு காலிலும் உறுதியாக நிற்கிறேன். நீங்களும் உங்கள் புது முழங்காலோடு சீக்கிரம் அப்படி நிற்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு பத்துமணியை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். மச்சாளுக்குச் சீனி வருத்தம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பேத்தி கிளோறியாவுக்கு என் ஆசீர். வாட்ஸ்அப் இருக்க ஏன் இந்த மனுசன் தாளும் பேனையும் எடுத்தான் என்று யோசிப்பீர்கள். உங்கள் தொலைபேசிக்கு வருகிற சின்ன எழுத்தையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு உங்களுக்கு வாசித்துக் காட்டுவது உங்கள் தங்கை அருமைநாயகிதான் என்று அறிந்தேன். இந்தக் கடிதம் அவள் கண்ணில் படக்கூடாது. இங்கே தெருவில் நின்ற சிவப்புத் தபால் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கடிதம் அனுப்புவதென்றால் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்படியும் எழுதுகிறேன் என்றால் விஷயம் எவ்வளவு பாரதூரம் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரிக் கடைசியில் உங்கள் முழங்காலுக்கு உதவி என்று அவள் புறப்பட்டபோது நான் விமான நிலையத்தில் வைத்துச் சொன்னேன்: "என்னைப் பற்றி யோசியாதையும். ஏப்ரல் இருபத்தேழு வரைக்கும் நிண்டு, உயிர்த்த ஞாயிறை அண்ணையோடை கொண்டாடிப்போட்டு வாரும்." அண்ணனும் தங்கையும் ஒரு மேசையில் இருந்து பெருநாள் சாப்பிட்டு முப்பத்தாறு வருஷம் என்று அவள் சொல்லும்போதெல்லாம், உங்களைக் கனடாவுக்கும் அவளை டென்மார்க்குக்கும் நானே பிரித்து அனுப்பியது போல எனக்கு ஒரு குற்றவுணர்ச்சி வரும். ஆகையால் இந்த ஒரு பெருநாளையாவது அவள் குறையில்லாமல் உங்களோடு கொண்டாட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், இருக்கிறேன். அதற்கு இடைஞ்சலாக வந்தது நான் பெற்ற மகள்தான். நிறோஷினி எஸ்பியர்க்கில் தாதியாக வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். ஒரு மணித்தியாலம் கார் ஓடி என்னைப் பார்க்க வந்தவள், என் முகத்தைப் பார்க்கவில்லை, தகரம் போடுகிற குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே மக்கரல் மீன் டின் மட்டும் கிடந்தது. பதினைந்தோ பதினாறோ. நான் கறுப்புப் பாணும் டின் மீனும் சாப்பிட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஆனால் தாதிமாருக்குச் சந்தோஷம் ஒரு கணக்கில்லை. மகளுக்குத் தமிழ் நன்றாக வரும், கோபம் வந்தால் டேனிஷ்தான் வரும். டேனிஷில் ஒரு பாட்டம் முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்து, "பப்பா, நான் அம்மாக்குச் சொல்லப்போறன். அம்மா அடுத்த பிளைட்டிலை வருவா" என்றாள். வருவாள் என்று எனக்கும் தெரியும். எனக்குச் சமைக்கத் தெரியும் என்று சொன்னேன். அப்படியென்றால் நாலு பேரைக் கூப்பிட்டு, கடையில் வாங்காமல், தன்னையும் கேட்காமல், ஒரு நேரச் சாப்பாடு சமைத்துக் காட்டட்டாம், தான் வாய் திறக்கமாட்டாளாம். இருபதாம் திகதி தனக்குப் பகல் வேலை, முடித்துக்கொண்டு நேரே வருவதாகச் சொன்னாள். நான் கலண்டரில் இருபதைச் சுற்றி வட்டம் போட்டேன். வட்டத்துக்குள்ளே என்ன கிழமை என்று பார்க்கவில்லை.

யார் யாரைக் கூப்பிட்டேன் என்றால், முதலாவது மேரிசெலின் அக்கா. எங்கள் செபக்குழுவை நடத்துபவர், அருமைநாயகியின் உயிர்ச் சிநேகிதி, அவர் சாப்பிட்டு நல்லதென்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அடுத்தது தேவராசாவும் பெண்சாதி யோகம்மாவும். தேவராசா என்னோடு இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவன். பழுத்த சைவக்காரன், எப்போதும் நெற்றியில் திருநீறு, ஆனால் இறைச்சி சாப்பிடுவதில் எனக்கு மேல். நாலாவது நிறோஷினி. எல்லோரிடமும் "இருபதாம் திகதி, பின்னேரம் ஆறு மணி" என்று சொன்னேன். என்ன சமையல் என்று யாருக்கும் சொல்லவில்லை. அது என் இரகசியம். கறி சமைத்தால் முதல் வாயிலேயே மேரிசெலின் அக்கா அருமைநாயகியின் கையோடு ஒப்பிடுவார், நான் தோற்றுப்போவேன். ஒப்பிட முடியாத ஒன்றைச் சமைக்க வேண்டும். அப்போதுதான் கடைகளின் தள்ளுபடித் தாளில் அதைக் கண்டேன். உப்பில் ஊறவைத்துப் புகை பிடித்த பன்றித் தொடை, மூன்று கிலோ, வலை போட்டு இறுக்கிக் கட்டியது. டேனிஷ்காரர் ஸ்கிங்கே என்பார்கள். மச்சான், நான் இருபத்தாறு வருஷம் பன்றி வெட்டியவன். என் கையால் போன தொடைகளை வரிசையாக வைத்தால் பிராண்டேயில் இருந்து கோபன்ஹேகன் வரைக்கும் போகும். இதிலே எனக்கு யார் பாடம் சொல்வது? கடையில் நின்ற பெண்பிள்ளை, "இதைச் சமைக்கிற முறை பின்பக்கம் எழுதியிருக்கு" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். நான் அவளுக்குப் பன்றியின் பின்காலைப் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கம் கொடுத்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் வேறு வரிசைக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் எலும்பே இல்லை. என் இருபத்தாறு வருஷ வித்தை முழுவதும் எலும்போடு. எந்த மூட்டில் கத்தியை வைத்தால் எந்தப் பக்கம் கழலும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அதற்குப் பிறகு அது பெட்டியில் ஏறிப் போய்விடும், என்ன ஆகிறதென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எலும்பில்லாத தொடைக்கு முன்னால் நானும் எல்லோரையும் போல ஒரு மனுசன்தான் என்று அப்போது விளங்கியது. பின்பக்கத்தை வாசிப்போம் என்று தேடினால், அதைக் கத்தியால் கிழித்து ஈரக் குப்பையோடு போட்டிருந்தேன், எழுத்தெல்லாம் கரைந்து போயிருந்தது. சரி, தெரிந்ததில் இருந்து தொடங்குவோம் என்று கழுவினேன். பன்றியைக் கழுவாமல் அடுப்பில் வைப்பவனை உங்கள் தங்கை மனுசராக எண்ணமாட்டாள். மஞ்சள், தேசிக்காய், உப்பு என்று மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீரில்தான், இது ஏற்கெனவே உப்பில் கிடந்து வந்தது, இதற்கு நான் ஏன் உப்புப் போட்டேன் என்று யோசனை வந்தது. உப்பைக் கழற்ற இன்னும் இரண்டு தண்ணீர். அந்த வலையும் எனக்கு ஊத்தையாகத் தெரிந்தது, வெட்டி எறிந்தேன். வலைதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். எறிந்த மறுகணம் தொடை மூன்று துண்டாக விரிந்து, குளிக்க வார்த்துவிட்ட குழந்தை போல மஞ்சள் பூசிக்கொண்டு தொட்டிக்குள்ளே கிடந்தது. வீட்டில் நூல் எங்கே இருக்கிறதென்று அருமைநாயகிக்குத்தான் தெரியும், அவளைக் கேட்க முடியாது. புதுச் சப்பாத்து லேஸ் ஒரு சோடி பிரிக்காமல் இருந்தது, வெள்ளை நிறம், அதையும் சுடுதண்ணீரில் அவித்துச் சுத்தமாக்கிவிட்டுத்தான் கட்டினேன். இதை மேரிசெலின் அக்காவுக்கும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

இந்த நிலையில்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அயலவர் பென்டைக் கூப்பிட்டேன். மகளைக் கேட்கக் கூடாது என்பதுதானே ஒப்பந்தம், பென்டைக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பென்ட் குசினிக்குள் வந்து, மஞ்சள் நிறத்தில் சப்பாத்து லேஸ் போட்டுக் கிடந்த ஸ்கிங்கேயைச் சுற்றி ஒருதரம் நடந்தார். டேனிஷ்காரர் மற்றவரின் சமையலைக் குறை சொல்லமாட்டார்கள், "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். அவர் சொன்னபடி பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்காமல் சும்மா நடுங்குகிற அளவில் ஒன்றரை மணித்தியாலம் வைத்தேன். அந்தத் தண்ணீர் நல்ல சுவை, அதை ஊற்றிவிடாதே, கிழங்கை அதிலேயே அவி என்றார், அவித்தேன். சுருள் கீரையைப் பாலில் கிண்டி அதற்குள் ஸ்கிங்கேத் துண்டுகளை நறுக்கிப் போடு என்றார், போட்டேன். பிறகு மண்ணிறச் சீனியும் கடுகுக் கூழும் குழைத்து மேலே பூசி ஓவனில் வைக்கச் சொன்னார், அதில் மட்டும் ஒரு கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூள் நானாகச் சேர்த்தேன். மச்சான், தற்பெருமை இல்லை, ஐந்தரை மணிக்கு ஓவனைத் திறந்தபோது நானே பின்வாங்கி நின்றேன். அப்படி ஒரு நிறம். மஞ்சள் உள்ளே இருந்து தங்கமாகத் தெரிகிறது, மேலே சீனி உருகி மினுங்குகிறது, வாசனை தெருவுக்குப் போகிறது. உப்பு மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம்தான் உப்புப் பார்க்க. மற்ற இரண்டும் எனக்காக.

ஆறு மணிக்கு மேரிசெலின் அக்கா வந்தார். "சிலுவைப்பாதை முடிச்சு ஹேர்னிங்கிலை இருந்து நேர வாறன், தம்பி. நல்ல பசி" என்றார். பக்தியான மனுசி, தவக்காலத்தில் எல்லா நாளும் கோயில்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் ஒரு மூளை உள்ளவனுக்கு மணி அடித்திருக்கும், எனக்கு ஓவன் மணிதான் அடித்தது. பின்னால் தேவராசாவும் யோகம்மாவும் வந்தார்கள், தலைமுழுகிய ஈரம் காயாமல், திருநீறு வழமையை விட அகலமாக. மூவரையும் மேசையில் இருத்தி, ஸ்கிங்கேயைத் தட்டில் வைத்து அலுமினியத் தாளால் மூடிக்கொண்டு வந்து நடுவில் வைத்துத் தாளை எடுத்தேன். யோகம்மா தேவராசாவைப் பார்த்தா. தேவராசா ஸ்கிங்கேயைப் பார்த்தான், அந்தப் பார்வையில் இருந்தது ஆசை என்று இப்போது எனக்குத் தெரியும். மேரிசெலின் அக்கா மெதுவாகக் கையைத் தூக்கிச் சிலுவை அடையாளம் போட்டார். சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து, நான் கண்ணை மூடி, ஆண்டவரின் பாடுகளையும் பசித்தோரையும் சமைத்த கைகளையும் சேர்த்து நீளமாக ஒரு செபம் சொன்னேன். கண்ணைத் திறந்தேன். எல்லோரும் முன்பிருந்த அதே இடத்தில் அப்படியே இருந்தார்கள்.

வெட்டிப் பரிமாறத் தொடங்கினேன். "எனக்குக் கிழங்கு காணும், தம்பி" என்றார் மேரிசெலின் அக்கா. கூச்சப்படுகிறார் என்று நினைத்து இரண்டு துண்டு வைத்தேன், அவர் தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தார். யோகம்மா, "அண்ணை, கிழங்கை என்னத்திலை அவிச்சனீங்கள்?" என்று கேட்டா. நான் பெருமையோடு, "அந்தத் தண்ணியிலைதான், தங்கச்சி. அப்பத்தானே ருசி" என்றேன். கிழங்கும் போனது. "அப்ப கீரை?" என்றா. அதற்குள்ளும் துண்டு போட்டிருக்கிறேன், தேடிப் பாருங்கோ என்றேன். கீரையும் போனது. மேசையில் அவர்கள் தொடக்கூடியதாக இருந்தது தண்ணீரும் கடுகும். அப்போதுதான் வேலைச் சட்டையோடு நிறோஷினி உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள், மூவரின் முகத்தையும் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, ஆகையால் தமிழில்தான் சொன்னாள். "பப்பா, இண்டைக்கு வெள்ளி."

வெள்ளிக்கிழமை. அதுவும் சிலுவைப்பாதை நடக்கிற தவக்காலத்து வெள்ளி. மேரிசெலின் அக்கா இறைச்சி தொடமாட்டார், தேவராசாவும் யோகம்மாவும் வருஷத்தில் எந்த வெள்ளியிலும் இறைச்சியும் மீனும் தொடமாட்டார்கள். கத்தோலிக்கரும் சைவரும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த ஒரு கிழமையில் ஒத்துப்போவார்கள், நான் அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து மூன்று கிலோ பன்றியை வைத்திருக்கிறேன். கத்தோலிக்க வீட்டில் தவக்கால வெள்ளி விருந்தென்றால் மீனும் மரக்கறியும்தானே என்று நம்பி வந்தவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. மச்சான், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். தொழிற்சாலைக்குப் போன காலத்தில் கிழமையைச் சொல்ல வேலை இருந்தது. நவம்பரில் ஓய்வு எடுத்த பிறகு அருமைநாயகி இருந்தாள். வெள்ளியென்றால் வீட்டில் மீன் மணக்கும். மணந்தால் வெள்ளி, அவ்வளவுதான் என் கலண்டர். அவள் போன நாளில் இருந்து இந்த வீட்டில் ஒரு நாளுக்கும் மணம் இல்லை, எல்லா நாளும் ஒரே நாளாகத்தான் வருகிறது. அதை அந்த மேசையில் நின்றபோதுதான் உணர்ந்தேன். தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நல்லவர்கள், மச்சான். ஒருவரும் சிரிக்கவில்லை, நிறோஷினிதான் முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும் அடக்கி வைத்த சிரிப்பை விட்டுவிட்டார்கள். அவள் அலுமாரியைத் திறந்து கறுப்புப் பாணையும் மிஞ்சியிருந்த மக்கரல் டின்களையும் எடுத்து மேசையில் வைத்தாள். மேரிசெலின் அக்கா ஒரு டின்னை முழுதாகச் சாப்பிட்டு, "மீன் நல்லாயிருக்கு, தம்பி" என்று எனக்கு மரியாதை செய்தார். தேவராசாவும் யோகம்மாவும் பாணும் பட்டரும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். போகும்போது தேவராசா ஸ்கிங்கேயை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டுதான் போனான். அடுத்த நாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. "அந்தோனி, வெள்ளி போயிட்டுது. அது கிடக்கோ?" என்றான். எட்டு மணிக்கு வந்து நின்றபடியே பெரிய துண்டாக ஆறு சாப்பிட்டான். அளவான உப்பு என்றான். யோகம்மாவுக்கு என்று சொல்லி ஒரு பொட்டலமும் கட்டிக்கொண்டு போனான், அது வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்ததா தெரியாது. மற்ற அரைவாசியைப் பென்டுக்குக் கொடுத்தேன். வெள்ளியில் மூன்று தரம் உப்புப் பார்த்த பாவத்துக்கு இன்று பூசைக்கு முன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முதல் தரம் பாவமில்லையாம், மற்ற இரண்டுக்கும் ஐந்து அருள்நிறைச் செபம் சொல்லச் சொன்னார்.

இனி நான் கேட்கிற உதவிக்கு வருகிறேன். நிறோஷினி தாய்க்கு ஒன்றும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள், மேரிசெலின் அக்காவும் வாக்குத் தந்திருக்கிறார். அருமைநாயகி உங்களிடம் விசாரித்தால், விருந்து நன்றாக நடந்ததாம் என்று சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. விருந்து நடந்தது, வந்தவர்கள் சாப்பிட்டார்கள், ஒருவரும் பசியோடு வீடு போகவில்லை. இவ்வளவும் வேதவாக்கு. மற்றதை அவளுக்கு மறைத்துவிடுங்கள். தெரிந்தால் பெருநாளை விட்டுவிட்டு ஓடி வருவாள், பிறகு அடுத்த முப்பத்தாறு வருஷத்துக்கு எனக்கு அந்தக் குற்றவுணர்ச்சி. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் இருபத்தேழு வரைக்கும் அவள் நிம்மதியாக நிற்கட்டும்.

உங்கள் முழங்கால் ஓடி விளையாடவும், மச்சாளின் சுகம் தேறவும், உங்கள் வீட்டு மேசையில் இந்தப் பெருநாளுக்கு ஒரு கதிரையும் வெறுமையாக இல்லாதிருக்கவும் மடு மாதாவை மன்றாடி முடிக்கிறேன்.

இப்படிக்கு, உங்கள் மச்சான்
அந்தோனிதாசன்

பி.கு. கடித உறையை ஒட்டப் போன நேரம் அருமைநாயகி தொலைபேசியில் அழைத்தாள். மேரிசெலின் அக்கா வாக்குக் காப்பாற்றியிருக்கிறார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் நான் கண்ணை மூடிச் செபம் சொன்ன நேரம் ஸ்கிங்கேயை ஒரு படம் பிடித்திருந்தாராம், அதை மட்டும் அனுப்பி, "பார், உன்ர மனிசன் செய்தது" என்று எழுதியிருக்கிறார். நிறோஷினியும் தன் பங்குக்கு, "பப்பா நல்லாச் சமாளிக்கிறார்" என்று சொல்லிவிட்டாள். உங்கள் தங்கையின் குரலில் இவ்வளவு சந்தோஷத்தை நான் எத்தனையோ வருஷமாகக் கேட்டதில்லை. "நீங்கள் இவ்வளவு கெட்டிக்காரன் எண்டு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ அண்ணையிட்டை வந்திருப்பனே" என்றாள். பிறகு, கோடையில் கிளோறியாவின் புதுநன்மைக் கொண்டாட்டம் இருக்கிறதாம், ஆகஸ்ட் வரைக்கும் நிற்கச் சொல்லி நீங்களும் மச்சாளும் கேட்கிறீர்களாம், டிக்கெட்டை மாற்றலாமாம், நிற்கட்டோ என்று கேட்டாள். நான் "ஓம், நில்லும். எனக்கென்ன" என்றேன். அந்த ஓமைத் திருப்பி எடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆகையால் மச்சான், மேலே மறைக்கச் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள். இதை முதல் வரியில் இருந்து ஒன்றும் விடாமல் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். சப்பாத்து லேஸையும் வாசியுங்கள். ஸ்கிங்கேயை ஒருவரும் தொடவில்லை என்ற இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள். சிரிப்பாள், சிரித்து முடிக்க விடுங்கள். முடித்த பிறகு, நான் கெட்டிக்காரன் இல்லை, டிக்கெட்டை மாற்ற வேண்டாம், ஏப்ரல் இருபத்தேழாம் திகதி பில்லுண்ட் விமான நிலையத்தில் காலையில் இருந்தே நான் வந்து நிற்பேன் என்று சொல்லுங்கள். அன்றைக்குத் திங்கட்கிழமை. பார்த்துவிட்டேன்.